பழைய காரின் முன்கண்ணாடியைக் கழற்றி மாட்டும் முறை: மலையகத்து வாகனக்காரர்களுக்கு

மலையகத்தில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற கார்களின் தரைத்தகட்டில் ஓட்டை விழும்போது, தோட்டப் பாதையின் சேற்றையும் தண்ணீரையுமே பலர் குறைகூறுகிறார்கள். விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், பல கார்களில் ஈரம் மேலிருந்து வந்திருப்பது தெரியும். முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் வயதாகி இறுகிச் சுருங்கும்போது கீழ் மூலைகளில்தான் பெரும்பாலும் முதலில் இடைவெளி விழுகிறது. அதனூடாக நுழையும் மழைநீர் டாஷ்போர்டின் பின்னால் இறங்கி, விரிப்பின் அடியில் தங்கி, கண்ணுக்குத் தெரியாமலே தகட்டை அரித்துவிடுகிறது. அந்த நிலைக்கு வந்த ரப்பரின் மேல் எதைப் பூசினாலும் ஒரு மழைக்காலம் தாங்குவது சந்தேகமே என்பதால், கண்ணாடியைக் கழற்றிப் புது ரப்பர் போடுவதே முறை.

கண்ணாடியில்லாமல் கார் சில நாட்கள் நிற்க வேண்டியிருக்கும் என்பதால் காலத்தைப் பார்த்துத் தொடங்க வேண்டும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கங்களில் ஜனவரியிலிருந்து மார்ச் வரையான வெயில் நாட்கள் பொருத்தமானவை. பதுளை, பண்டாரவளைப் பகுதியினர் வடகீழ்ப் பருவமழை ஓயும்வரை காத்திருந்து, ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான காய்ந்த மாதங்களில் செய்துகொள்வது நல்லது.

உங்கள் கார் எந்த ஆண்டினது என்பதைப் பொறுத்தே பொருள் வாங்க வேண்டும். மொரிஸ் மைனரில் 1956ஆம் ஆண்டுவரை முன்கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகளாக இருந்தது. அந்த ஆண்டு வந்த மைனர் 1000 முதல் வளைந்த ஒற்றைக் கண்ணாடியாக மாறியது. தட்டைத் துண்டு உடைந்தால் லெமினேட்டட் (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய) கண்ணாடித் தகட்டிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். வளைந்த கண்ணாடிக்கு அப்படி வழியில்லை. இன்னொன்று கிடைக்கும்வரை காரை மூடிவைக்க வேண்டியதுதான். ரப்பரைக் கொழும்புப் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளிலோ வேறிடத்திலோ வாங்கினாலும் பழைய ரப்பரில் ஒரு சாண் துண்டை வெட்டிக் கையோடு கொண்டுபோய், இரண்டின் வெட்டுமுகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரப்பரில் இரண்டு காடிகள் (நீளப் பள்ளங்கள்) இருக்கும். ஒரு காடி கண்ணாடியைப் பிடிப்பது, மற்றது தகட்டு விளிம்பைப் பிடிப்பது. இரண்டின் அகலமும் பொருந்த வேண்டும். அக்காலத்து டஃபன்ட் (சூடேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடியை எடுத்துவிட்டுச் சற்றுத் தடித்த லெமினேட்டட் கண்ணாடி போடுகிறவர்கள் இதை மறந்துவிட்டு, ரப்பர் ஏறவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதுண்டு.

கழற்றுவதற்கு இருவர் வேண்டும். வைப்பர் கைகள் ஓய்ந்து நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு அவற்றை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியையும் வெயில் மறைப்பையும் கழற்றுங்கள். பொனட்டின் மேல் தடித்த போர்வையை விரியுங்கள். ரப்பரின் நடுவே, அதை இறுக்கிப் பிடிக்கச் செருகிய பூட்டுப் பட்டி இருந்தால், அதன் பொருத்தை மூடியிருக்கும் சிறு துண்டைத் தள்ளிவிட்டு ஒரு முனையிலிருந்து மெதுவாக உருவி எடுக்க வேண்டும். எப்படியும் எறியப்போகும் ரப்பரைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கூரிய கத்தியால் வெளிப்புற உதட்டை, கண்ணாடியின் விளிம்பில் அலகு படாதபடி, சுற்றிலும் வெட்டிவிட்டால் கண்ணாடியை வெளியே தூக்கி எடுத்துவிடலாம். உள்ளேயிருந்து காலால் உதைத்துத் தள்ளும் பழக்கம் சில கராஜ்களில் இருக்கிறது. லெமினேட்டட் கண்ணாடி ஓரிடத்தில் விழும் அழுத்தத்தைத் தாங்காமல் விளிம்பிலிருந்து வெடித்து ஓடும். தள்ளத்தான் வேண்டுமென்றால் மேல் மூலைக்கு அருகே இரு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துத் தள்ளுங்கள். வெளியே நிற்பவர் கையை எடுக்காமல் ஏந்திக்கொள்ளட்டும். எடுத்த கண்ணாடியைச் சீமெந்துத் தரையில் நிறுத்தாமல் போர்வையின் மேல் கிடத்துங்கள்.

கண்ணாடி போன பின் தெரியும் தகட்டு விளிம்புதான் இந்த வேலையின் பெரும்பகுதி. பழைய பசையை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தெடுத்து, விளிம்பு முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். கீழ் மூலைகளில் பெயின்ட் கொப்பளித்திருந்தால் அதன் அடியில் துரு நிச்சயம். கம்பித் தூரிகையால் பளபளப்பான தகடு தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஸ்குரு டிரைவர் நுனியால் குத்தும்போது தகடு உள்வாங்கினால் அது தகடு வெட்டி ஒட்டும் டிங்கர் பாஸின் வேலை. பட்டிப் பசை (putty) வைத்து மறைத்தால் ரப்பருக்குப் பிடிமானம் இருக்காது. மேற்பரப்புத் துரு மட்டுமென்றால் பொஸ்பரிக் அமிலம் கலந்த துரு மாற்றி பூசி, பிரைமரும் பெயின்ட்டும் அடித்தால் போதும். மலையகத்தின் குளிரிலும் ஈரக்காற்றிலும் பெயின்ட் உள்வரை காய்வதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும். தொட்டால் ஒட்டவில்லை என்பதை நம்பி அடுத்த நாளே ரப்பரை ஏற்றினால், கயிறு இழுக்கும்போது பெயின்ட் உரிந்து வந்து துரு மீண்டும் அங்கேயே தொடங்கும். ஒரு வாரம் விடுவது என் வழக்கம்.

மாட்டும் நாளில் ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டும். நுவரெலியாவின் காலைக் குளிரில் அது கம்புபோல் விறைத்திருக்கும். கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் ஊறவையுங்கள், அல்லது முற்பகல் வெயிலில் தகரத்தின் மேல் விரித்துவிட்டு வேலையைப் பதினொரு மணிக்குத் தொடங்குங்கள். முதலில் ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி ஏற்றி, மூலைகளைச் சரியாக உட்காரவையுங்கள். மீற்றர் கணக்கில் வாங்கிய ரப்பரானால் சில மில்லிமீற்றர் நீளமாகவே வெட்டி ஒட்ட வேண்டும். இழுத்து ஒட்டிய பொருத்து ஓரிரு மாதத்தில் விரிந்துவிடும். பொருத்தைக் கீழே மறைப்பவர்கள் பலர். தண்ணீர் தேங்குவது கீழே என்பதால் நான் மேல் நடுவில்தான் வைக்கிறேன்.

பிறகு நான்கு மில்லிமீற்றர் அளவுள்ள வழவழப்பான நைலோன் கயிற்றைத் தகட்டு விளிம்புக்குரிய காடியில் சுற்றிலும் பதித்து, இரு முனைகளும் கீழ் நடுவில் ஒன்றையொன்று ஒரு சாண் கடந்து காரின் உட்புறமாகத் தொங்கும்படி விடுங்கள். தும்புக் கயிறு ரப்பரைக் கிழிக்கும். காடியிலும் விளிம்பிலும் சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். எண்ணெயும் கிரீஸும் ரப்பரை ஊதவைப்பதால் அவை வேண்டாம். வெளியே இருப்பவர் கண்ணாடியை வாசலில் வைத்து, கீழ்ப்பக்கம் நன்றாக இறங்கும்படி அழுத்திப் பிடிக்க, உள்ளே இருப்பவர் இரு முனைகளையும் மாறி மாறிக் கண்ணாடியின் நடுவை நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். கயிறு வெளிவரும்போது ரப்பரின் உள் உதடு தகட்டின் மேல் “பொளக்” என்று ஏறுவதைக் கண்ணால் காணலாம். கீழ்ப்பக்கம் முழுவதும் முடித்து, பின் இரு பக்கங்களும், கடைசியாக மேற்பக்கமும் என்பதே வரிசை. இழுக்கும் இடத்துக்கு நேராகத்தான் வெளியே இருப்பவரின் உள்ளங்கை விழ வேண்டும். “இப்ப வலது மூலைண்ணே, அமத்துங்க” என்று உள்ளேயிருப்பவர் குரல் கொடுத்துக்கொண்டே போனால் இருவர் கையும் ஒன்றாக ஓடும். ஒரு மூலையில் உதடு மடிந்து சிக்கினால், வழவழப்பாகச் சீவிய மூங்கில் துண்டால் அப்போதே எடுத்துவிட்டுத் தொடருங்கள்.

பூட்டுப் பட்டியுள்ள ரப்பரில் அதைக் கடைசியாகச் செலுத்த வேண்டும். பட்டியை இழுத்து நீட்டாமல், ஒவ்வொரு சாணுக்கும் சற்றுப் பின்னே தள்ளித் தள்ளிச் செலுத்துங்கள். நீண்ட பட்டி பிறகு சுருங்கிப் பொருத்தில் இடைவெளி காட்டும்.

ரப்பர் ஓரிரு நாள் உட்கார்ந்து, சவர்க்காரத் தண்ணீர் காய்ந்த பின் வெளி உதட்டைச் சற்றுத் தூக்கி, கண்ணாடிப் பக்கமும் தகட்டுப் பக்கமும் காயாத வகை மாஸ்டிக்கை (நீர் புகாமல் அடைக்கும் பசை) மெல்லிய முனையால் இடுங்கள். குளியலறைக்கு விற்கும் புளிக்காடி வாடையுள்ள சிலிக்கனை இங்கே பயன்படுத்தவே கூடாது; அது காயும்போது வெளிவிடும் அசற்றிக் அமிலம் தகட்டைத் துருவேற்றும்.

சோதிக்கும்போது உள்ளே ஒருவர் டோர்ச்சுடன் அமர்ந்திருக்க, குழாய்த் தண்ணீரை வேகமில்லாமல் கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கி மேலே கொண்டுபோங்கள். மேலிருந்து தொடங்கினால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பதைப் பிரித்தறிய முடியாது. ரப்பர் உலர்ந்திருந்தும் தரை நனைந்தால் வைப்பர் தண்டுகளின் அடி ரப்பர், பொனட் கீல், காற்று வாங்கி ஆகியவற்றைப் பாருங்கள். வைப்பர் கைகளை டேப் குறித்த இடத்திலேயே மாட்டுங்கள். மாஸ்டிக் படியும்வரை ஓரிரு நாட்களுக்குக் குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் ஓட்டாமல், கதவைச் சாத்தும்போது உட்காற்று கண்ணாடியைத் தள்ளாதபடி ஒரு பக்கக் கண்ணாடியைச் சற்று இறக்கியே வைத்திருங்கள்.