பாதம் சிவந்து எரிகிறதா? முதலில் ஐஸ் வாளியைத் தள்ளி வையுங்கள்

எரித்ரோமெலால்ஜியா என்ற நோயின் பெயர் வாயில் நுழையாது. ஆனால் அடையாளம் காண மூன்று விஷயம் பார்த்தால் போதும்: சிவப்பு, சூடு, எரிச்சல். மூன்றும் சேர்ந்தே வரும், சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ அடங்கும், மறுபடி வரும். பெரும்பாலும் பாதங்களில், சிலருக்குக் கைகளில், அபூர்வமாகக் காதிலும் முகத்திலும். பலருக்கு ராத்திரியில்தான் உச்சம். போர்வை நுனி பட்டாலே தாங்காமல் காலை வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள்.

பாதம் எரிந்தாலே இந்த நோய்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், சர்க்கரை நோயில் நரம்பு பாதித்தாலும் எரியும். எரித்ரோமெலால்ஜியாவில் கால் கண்ணுக்குத் தெரியவே சிவந்துவிடும், தொட்டால் சுடும். நடந்தால், நின்றால், தொங்கவிட்டால், வெந்நீர் பட்டால் கூடும், தூக்கி வைத்துக் குளிர்வித்தால் தணியும். ஒரே காலில் மட்டும் சிவப்பு பரவிக்கொண்டே போய் காய்ச்சலும் இருந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

இதை உறுதிசெய்ய தனியாக ஒரு டெஸ்ட் கிடையாது. அதைவிடத் தொல்லை, டாக்டர் முன்னால் உட்காரும்போது கால் ஒன்றும் தெரியாத சாது மாதிரி இருக்கும். அதனால் எரிச்சல் வரும்போதே போனில் படம் எடுங்கள், அடங்கியபின் அதே வெளிச்சத்தில் இன்னொன்று. எது கிளப்பிவிட்டது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் குறித்து வையுங்கள். நீங்கள் வாயால் விவரிப்பதைவிட அந்த இரண்டு படங்கள் அதிகம் சொல்லும்.

அப்புறம் முழு ரத்த அணுப் பரிசோதனை. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தட்டணுக்களோ சிவப்பணுக்களோ அளவுக்கு மீறி உற்பத்தியாகும் ரத்த நோயின் முதல் அறிகுறியாகவும் இந்த எரிச்சல் வரலாம், சிலருக்கு அந்த நோய் தெரியவருவதற்குச் சில வருடங்கள் முன்பே. ஒருமுறை சரியாக இருந்தாலும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் திரும்பப் பாருங்கள். தட்டணுதான் காரணம் என்றால் குறைந்த அளவு ஆஸ்பிரினிலேயே வலி சட்டென்று குறைவதுண்டு, ஆனால் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். வயிற்றுப் புண், ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

குடும்பத்தில் சிறு வயதிலிருந்தே வருவது வேறு கதை. எஸ்சிஎன்9ஏ என்ற மரபணுவில் கோளாறு இருந்தால், வலியைக் கடத்தும் நரம்பில் சோடியம் உள்ளே போகும் வாசல் லேசில் திறந்துகொள்கிறது, அதனால் வலியும் லேசில் கிளம்பிவிடுகிறது. 2004-ல்தான் இந்தத் தொடர்பு தெரியவந்தது.

சரி, ஐஸ் விஷயத்துக்கு வருவோம். எரிகிற காலை ஐஸ் தண்ணீரில் முக்கினால் சொர்க்கம் மாதிரி இருக்கும், அதுதான் சிக்கலே. எடுத்தவுடன் எரிச்சல் திரும்பும், மறுபடி முக்குவீர்கள், தோல் ஊறி வெளுத்து வெடிக்கும், புண்ணாகும், கிருமி ஏறும். விரல் இழக்கும் அளவுக்கும் போனவர்கள் உண்டு. பதிலாக காலை உயர்த்தி வைத்து மின்விசிறியைப் பாதத்தின் பக்கம் திருப்புங்கள். தண்ணீர் வேண்டுமென்றால் ஐஸ் போடாத, லேசாகக் குளிர்ந்த தண்ணீரில் சில நிமிடம் மட்டும், பிறகு விரலிடுக்குவரை நன்றாக ஒற்றித் துடையுங்கள்.

இறுக்கமான ஷூ, தடித்த சாக்ஸ், சூடான குளியல், மது எல்லாம் கிளப்பிவிடும், சிலருக்குக் காரமும். பயந்துபோய் நடப்பதையே நிறுத்திவிட வேண்டாம், குளிர்ச்சியான நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம்.

மருந்தில் பொறுமை தேவை. தோலில் ஒட்டும் லிடோகெய்ன் பட்டை, காபாபென்டின், பிரிகாபலின், வென்லாஃபாக்சின், மெக்சிலெட்டின் என்று டாக்டர்கள் ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பார்கள். ஒருவருக்குக் கேட்டது இன்னொருவருக்குக் கேட்காது. நிஃபெடிபின் போன்ற ரத்த அழுத்த மாத்திரை தொடங்கிய பிறகு எரிச்சல் வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பாதத்தில் புண்ணோ, கறுத்த விரலோ தெரிந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.