அமெரிக்காவில் உங்கள் பெயரில் வாரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி

வாரண்ட் என்றாலே திருட்டு, அடிதடி, கொலை என்று நினைத்துப் பழகியவர்கள் நாம். இங்கே ஒரு ஸ்பீடிங் டிக்கெட், அதாவது வேகமாக ஓட்டியதற்குப் போலீஸ் கொடுக்கும் சீட்டு, போதும். டிக்கெட்டில் போட்டிருக்கும் தேதிக்குள் நீங்கள் பணமும் கட்டவில்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை என்றால் பல இடங்களில் நீதிபதி உங்கள் பெயரில் ஒரு வாரண்ட் போட்டுவிடலாம். இதை பெஞ்ச் வாரண்ட் என்பார்கள். அதற்காக யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட வரவேண்டும் என்றில்லை. அது பாட்டுக்குக் கிடக்கும். இரண்டு வருஷம் கழித்து பின்விளக்கு எரியவில்லை என்று ஒரு போலீஸ்காரர் காரை நிறுத்தி உங்கள் லைசென்ஸைக் கம்ப்யூட்டரில் தட்டும்போதுதான் வெளியே வரும், பின் சீட்டில் குழந்தை உட்கார்ந்திருக்கும்போது கையில் விலங்கு மாட்டுவார்கள்.

எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் பக்கத்தில் போய்விட்டு வந்தேன். வந்த முதல் வருஷமே வீடு மாறினேன். பத்து நாளைக்குள் ஏஆர்-11 படிவம் போட்டு இமிக்ரேஷனுக்குப் புது முகவரி சொல்லியாகிவிட்டது, அதனால் அரசாங்கத்துக்கே சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லை. அந்தப் படிவம் லைசென்ஸ் அலுவலகத்துக்கும் போகாது, கோர்ட்டுக்கும் போகாது. மூன்று இடத்திலும் தனித்தனியாக மாற்ற வேண்டும். என் ஸ்பீடிங் டிக்கெட் பற்றிய கோர்ட் கடிதங்கள் பழைய அபார்ட்மெண்டின் தபால் பெட்டியிலேயே விழுந்துகொண்டிருந்தன. லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோதுதான், ஏதோ ஒரு கோர்ட்டில் உங்களுக்கு ஹோல்டு (தடை) இருக்கிறது, முடித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். நாடு முழுவதற்கும் பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஒரே வாரண்ட் பட்டியல் என்று எதுவும் கிடையாது. எஃப்பிஐ 1967லிருந்து நடத்தும் என்சிஐசி என்ற தரவுத்தளம் போலீஸுக்கு மட்டும்தான். நமக்கு எல்லாமே கவுண்டி கவுண்டியாக, கோர்ட் கோர்ட்டாகத்தான். கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. நாட்டில் 3,000க்கும் மேல் கவுண்டிகள், டெக்சாஸில் மட்டும் 254. அதனால் "எங்கே தேடுவது" என்ற கேள்விக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

டிக்கெட் கையில் இருந்தால் அதிலேயே கோர்ட் பெயரும் சைட்டேஷன் நம்பரும் (டிக்கெட்டின் எண்) இருக்கும். இல்லையென்றால் எந்த இடத்தில் நிறுத்தினார்கள், நிறுத்தியது யார் என்று யோசியுங்கள். டெக்சாஸில் நகரப் போலீஸ் கொடுத்த டிக்கெட் பெரும்பாலும் அந்த நகரத்து முனிசிபல் கோர்ட்டுக்குப் போகும், ஷெரிஃபோ (கவுண்டி போலீஸ்) ட்ரூப்பரோ (மாநிலப் போலீஸ்) கொடுத்தால் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற சின்ன வழக்குகளுக்கான கோர்ட்டுக்கு. ஊரும் கவுண்டியும் ஒன்றல்ல என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஃபிரிஸ்கோ ஒரே ஊர்தான், ஆனால் காலின், டென்டன் என்று இரண்டு கவுண்டியில் கிடக்கிறது.

சில மாநிலங்களில் வேலை சுலபம். மேரிலாந்தில் கேஸ் சர்ச், பென்சில்வேனியாவில் யுஜேஎஸ் போர்ட்டல், நியூ ஜெர்சியில் டிக்கெட்டுகளுக்கு என்ஜேஎம்சி டைரக்ட், வர்ஜீனியாவில் ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டின் ஆன்லைன் தேடல். எல்லாமே அரசு நடத்துபவை, தேடக் காசு கிடையாது. பல கவுண்டிகளில் ஷெரிஃபின் இணையதளத்திலேயே வாரண்ட் தேடல் தனியாக இருக்கும். கூகுளில் முதலில் வருவதை அமுக்காமல், மாநில நீதித்துறையின் பக்கத்துக்குப் போய் அங்கிருந்து உங்கள் கவுண்டி கோர்ட்டுக்குப் போங்கள், வழி தவறாது.

அப்புறம் பெயர். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். நான் என் பெயரைப் போட்டுத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. நிம்மதியாக மூடி வைக்கப் பார்த்தேன். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் பகுதி காலி. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் முழுவதும் கடைசிப் பெயர் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று மூன்று எழுத்து உட்கார்ந்திருக்கும், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். என் லைசென்ஸும் அப்படியே, டிக்கெட்டும் அப்படியே. முதல் பெயர் பெட்டியில் அந்த மூன்று எழுத்தை அடித்ததும் ஒரே ஒரு வரி வந்தது: என் பெயர், வழக்கு எண், ஸ்பீடிங், கடைசிப் பெட்டியில் வாரண்ட், ஆக்டிவ், அதாவது இன்னும் உயிரோடு இருக்கிறது. கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதனால் உங்கள் பெயர் கார்த்திக், அப்பா பெயர் முருகேசன் என்றால், இரண்டையும் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இனிஷியலோடு ஒருமுறை, இனிஷியல் இல்லாமல் ஒருமுறை. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்திருந்தால் பழைய பெயரிலும். இரண்டு பெயரையும் ஒட்டி ஒரே சொல்லாக அடித்திருப்பார்கள், அதையும் பாருங்கள். பிறந்த தேதியில் மாதம் முதலில் வரும். லைசென்ஸ் எண்ணிலோ சைட்டேஷன் நம்பரிலோ தேட வழியிருந்தால் அதுதான் உத்தமம், பெயர்ச் சிக்கலே இல்லை.

தேடி ஒன்றும் வராவிட்டாலும் வாரண்ட் இல்லவே இல்லை என்று ஆகிவிடாது. எல்லாக் கோர்ட்டும் எல்லாவற்றையும் ஆன்லைனில் போடுவதில்லை, பெரிய குற்ற வழக்குகளில் ஆளைப் பிடிக்கும்வரை வாரண்டை வெளியே காட்டாமல் வைத்திருப்பதும் உண்டு. இமிக்ரேஷன் அதிகாரி கையெழுத்திடும் நிர்வாக வாரண்ட் இந்தத் தேடல்களில் வராது, அது நீதிபதி போட்டதே அல்ல. சந்தேகம் இருந்தால் கோர்ட் கிளர்க் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, பிறந்த தேதியும் சைட்டேஷன் நம்பரும் கொடுத்து, கேஸ் திறந்திருக்கிறதா, வாரண்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்வார்கள், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று ஆலோசனை சொல்ல மாட்டார்கள்.

வாரண்ட் இருப்பது தெரிந்தபின் ஷெரிஃப் அலுவலகத்துக்கு நேரே போய் நிற்காதீர்கள். தெரியாமல் நடந்தது, விளக்கிச் சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் வாரண்ட் உயிரோடு இருக்கும்வரை அங்கேயே உங்களைக் கைது செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. முதலில் அந்தக் கவுண்டியில் வழக்கு நடத்தும் ஒரு வக்கீலைப் பிடியுங்கள். வாரண்டைத் திரும்பப் பெறச் சொல்லி அவர் மனு போடுவார், சின்ன டிராஃபிக் கேஸ் என்றால் பல இடங்களில் உங்களுக்குப் பதிலாக அவரே போய் நிற்பார்.

ஆன்லைனிலேயே அபராதம் கட்டி முடித்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும். பல கோர்ட்டுகளில் பணம் கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது. சாதாரண ஸ்பீடிங் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் வர்ஜீனியாவில் மணிக்கு 85 மைலுக்கு மேல் ஓட்டினாலோ, குறித்த வேகத்தைவிட 20 மைல் கூடுதலாக ஓட்டினாலோ அது ரெக்லஸ் டிரைவிங் (கண்மூடித்தனமாக ஓட்டுவது), 12 மாதச் சிறையும் 2,500 டாலர் அபராதமும் வரை போகக்கூடிய கிரிமினல் வழக்கு. எச்1பி வேலை விசாவிலோ எஃப்1 மாணவர் விசாவிலோ இருப்பவர் இதை ஒப்புக்கொள்ளுமுன் இமிக்ரேஷன் வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்பது அவசியம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்பதைக் கிரிமினல் வக்கீல் தன் கட்சிக்காரரிடம் சொல்லியாக வேண்டும் என்று 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது, அதனால் கேட்கத் தயங்காதீர்கள். பிறகு விசா படிவத்தில் கைதானதுண்டா என்ற கேள்வி வரும், அதற்கு உண்மையைத்தான் எழுத வேண்டும்.

காசு வாங்கிக்கொண்டு வாரண்ட் தேடித் தரும் தனியார் தளங்கள் வேண்டாம். பழைய தகவல், ஒரே பெயருள்ள நாலு பேரைக் கலந்து வைத்திருப்பார்கள். மாப்பிள்ளை பார்க்கும்போது பையன் பெயரைப் போட்டுத் தேடுபவர்களை எனக்குத் தெரியும், தேடுங்கள், தப்பில்லை, ஆனால் கோர்ட் பதிவில் பிறந்த தேதி ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் ஒரு குடும்பத்தின் மேல் பழி போடாதீர்கள்.

ஜூரி டியூட்டிக்கு (வழக்கில் தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்கள் குழுவுக்கு) வரவில்லை, உங்கள் மேல் வாரண்ட் இருக்கிறது, உடனே கிஃப்ட் கார்டு வாங்கி நம்பர் சொல்லுங்கள் என்று ஃபோன் வந்தால் அது மோசடி. வைத்துவிடுங்கள். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும்தான் ஜூரியாக உட்கார முடியும், எந்தக் கோர்ட்டும் கிஃப்ட் கார்டில் பணம் வாங்காது. ஆனால் தபாலில் நிஜமான ஜூரி அழைப்பு தவறுதலாக வந்தால் அதைத் தூக்கிப் போடாமல், குடியுரிமை இல்லை என்ற கட்டத்தைக் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

வாரண்டை நீக்கியபின் அந்த உத்தரவின் சான்றளிக்கப்பட்ட நகல் ஒன்றைக் கிளர்க்கிடம் கேட்டு வாங்கி, கொஞ்ச மாதம் காரிலேயே வைத்திருங்கள். போலீஸ் கம்ப்யூட்டரில் பழைய பதிவு உடனே அழியும் என்று சொல்ல முடியாது. இரண்டு வாரம் கழித்து அதே பக்கத்தில், அதே பெயர் வரிசையில், இன்னொரு முறை தேடிப் பாருங்கள்.