விண்டோஸ் 11-இல் தேதியையும் எண்களையும் இந்திய முறைக்கு மாற்றுதல்

கணினி அமெரிக்க வடிவத்தில் இருந்தால், ஏப்ரல் 5 என்று கருதி நீங்கள் எக்செலில் உள்ளிடும் 05/04/2025 என்பதை அது மே 4 என்றே எடுத்துக்கொள்ளும். 25/04/2025 என்பதையோ தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும்.

இதைச் சரிசெய்ய, விண்டோஸ் விசையுடன் 'I' (ஆங்கில எழுத்து ஐ) விசையை அழுத்தி அமைப்புகளைத் திறந்து, நேரம் மற்றும் மொழி என்ற பிரிவில் மொழி மற்றும் வட்டாரம் என்பதற்குச் செல்லவும். அங்குள்ள நாடு என்ற தெரிவு உள்ளூர்ச் செய்திகள் போன்றவற்றுக்கு மட்டுமே என்பதால், அதை இந்தியா என மாற்றினால் மட்டும் தேதி மாறாது. பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். அதற்குக் கீழேயுள்ள வட்டார வடிவத்தில் ஆங்கிலம் (இந்தியா) அல்லது தமிழ் (இந்தியா) என்பதைத் தேர்ந்தெடுத்தால், நாள் முன்னும் மாதம் பின்னுமாக அமைவதோடு, 12,34,567 என லட்சக் கணக்கில் காற்புள்ளியும் விழும்.

எக்செலை மூடித் திறக்கவும். முன்பே தவறாகப் பதிவான தேதிகள் தாமாகத் திருந்தா. அவற்றை நீங்களே திருத்த வேண்டும்.