வெள்ளமும் புயலும் வந்தால் ஊராட்சியின் அதிகாரம் எதுவரை? குமரி மாவட்டத்துக்கான நடைமுறைக் கையேடு

மழை கொட்டத் தொடங்கியதும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "அவசர நிலை அறிவிச்சாச்சா?" என்பதுதான். அந்த அறிவிப்பு வந்ததும் ஊராட்சித் தலைவருக்கும் பேரூராட்சி செயல் அலுவலருக்கும் தனி அதிகாரம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி எதுவும் வராது. 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத்தில் அதிகாரம் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திடம் இருக்கிறது. அதன் தலைவர் கலெக்டர். பேரிடர் நேர்ந்தாலும், நேரப்போகிறது என்று தெரிந்தாலும், சட்டத்தின் 34-ஆம் பிரிவைப் பயன்படுத்தி அவர் உத்தரவிடலாம். போக்குவரத்தை நிறுத்துவது, ஆபத்தான பகுதிக்குள் ஆள் போகாமல் தடுப்பது, இடிபாட்டை அகற்றுவது, தங்குமிடமும் உணவும் குடிநீரும் கொடுப்பது எல்லாம் அதில் அடங்கும். தனியாக ஒரு பிரகடனத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே ஊராட்சி கேட்க வேண்டிய கேள்வி வேறு: "உத்தரவு எழுத்தில் வந்திருக்கிறதா? யார் பெயருக்கு?"

41-ஆவது பிரிவு உள்ளாட்சிகளுக்குக் கடமைகளை வரையறுக்கிறது. ஊழியருக்குப் பயிற்சி தருவது, கருவிகளை எப்போதும் தயாராக வைத்திருப்பது, மாவட்டத் திட்டத்தின்படி நிவாரண வேலை செய்வது ஆகியவை அவை. இதற்கு யார் அனுமதியும் வேண்டாம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நம் மாவட்டத்துக்கு உண்டு. எனவே இந்தத் தயாரிப்பை மே கடைசியில் ஒரு தடவை, செப்டம்பர் கடைசியில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். மரம் அறுக்கும் மெஷின், அதற்கான எண்ணெயும் மாற்றுச் சங்கிலியும், டீசல் பம்பு, ஜெனரேட்டர், ஐம்பது மீட்டர் கயிறு, பிளீச்சிங் பவுடர் எல்லாம் இருந்தால் மட்டும் போதாது, ஓட்டிப் பார்க்கவும் வேண்டும். மாதக்கணக்கில் ஓடாத பம்பு, தேவைப்படும் ராத்திரியில்தான் மக்கர் பண்ணும்.

அடுத்தது கையெழுத்து யாருடையது என்பது. ஊராட்சியின் நிர்வாக அதிகாரி தலைவர்தான். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. அதன்பின் பொறுப்பு தனி அலுவலரான பி.டி.ஓ.விடம் (வட்டார வளர்ச்சி அலுவலர்) போனது. மாவட்டத்தில் 95 ஊராட்சிகள், 9 ஒன்றியங்கள். தனி அலுவலர் காலத்தில் ஒரே பி.டி.ஓ. பத்து ஊராட்சிகளுக்கு ஒரே ராத்திரியில் ஓட வேண்டியிருக்கும். எனவே மழைக்கு முன்பே ஊராட்சிச் செயலர் ஒரு தாள் தயாரிக்கட்டும்: எந்த வேலையைத் தானே தொடங்கலாம், எதற்கு பி.டி.ஓ.வின் வாய்மொழி அனுமதி போதும், எதற்கு எழுத்து வேண்டும் என்று. அதில் பி.டி.ஓ. கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 203-ஆவது பிரிவும் நினைவில் இருக்கட்டும். பொதுமக்கள் பாதுகாப்புக்கு உடனே தேவையான வேலையை ஊராட்சி செய்யாவிட்டால், கலெக்டரே அதைச் செய்யச் சொல்லலாம்; செலவு ஊராட்சி நிதியிலிருந்து போகும்.

நாகர்கோவில் மாநகராட்சியின் நிலை கொஞ்சம் வேறு. 2025-இல் நடைமுறைக்கு வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத் திருத்தம், மாநகராட்சி உள்ள நகரங்களில் ஆணையரைத் தலைவராகக் கொண்ட நகரப் பேரிடர் ஆணையம் அமைக்க மாநில அரசுக்கு வழி விட்டிருக்கிறது.

இனி, எதையும் கேட்கும் முறை. 1077-க்கு (மாவட்டக் கட்டுப்பாட்டு அறை) போன் பண்ணிச் சொன்னால் வேலை தொடங்கும். ஆனால் பின்னால் கணக்குக்கு அது நிற்காது. போனை வைத்த கையோடு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ நாலு வரி தாசில்தாருக்கும் பி.டி.ஓ.வுக்கும் போக வேண்டும்: இடம், நேரம், என்ன ஆபத்து, என்ன வேண்டும், எத்தனை பேர். "உடனடி நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். "ஒரு ஜே.சி.பி., இரண்டு மரம் அறுக்கும் மெஷின், காலை ஆறு மணிக்குள், பாலத்தின் வடகரைக்கு" என்று எழுதினால் வரும்.

சாமான் வாங்குவதில்தான் நிறைய ஊராட்சிகள் மாட்டிக்கொள்கின்றன. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி அவசரக் கொள்முதலுக்கு டெண்டர் தேவையில்லை. ஆனால் அந்த விலக்கு தானாக வராது. மாவட்ட ஆணையம் அங்கீகரித்திருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாமல் தார்ப்பாயும் அரிசியும் வாங்கினால் தணிக்கையில் அந்தத் தொகை முழுவதும் ஆட்சேபனையாகும். அங்கீகாரம் கிடைத்தபின், பொருள் பயன்பட்டது என்று பொறுப்பு அலுவலர் தரும் சான்றையே ரசீதாக ஏற்றுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதற்காகப் பில்லைத் தூக்கி எறிய வேண்டாம். இரண்டையும் சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.

வண்டி, கட்டடம், இயந்திரம் எடுத்துக்கொள்வது அதே சட்டத்தின் 65-ஆவது பிரிவு. அதற்கு எழுத்தில் உத்தரவு வேண்டும். ஆணையமோ அது அதிகாரம் கொடுத்த அலுவலரோதான் அதைத் தர முடியும். கல்யாண மண்டபச் சாவியை வார்டு உறுப்பினர் மிரட்டி வாங்க முடியாது. மண்டபக்காரரும் உத்தரவைக் காட்டினால் மறுக்க முடியாது. வாடகை அக்கம்பக்கத்து நிலவரப்படி, வண்டிக்கு ஊரில் ஓடும் வாடகைப்படி. தொகை போதாதென்றால் 30 நாளுக்குள் நடுவர் தீர்ப்புக்கு மனு கொடுக்கலாம். ஒப்படைக்கும்போது கிலோமீட்டர், டீசல் அளவு, ஏற்கெனவே இருந்த கீறல் எல்லாம் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்திட்டால் பின்னால் சண்டை வராது.

ஒக்கி புயல் வந்த 2017 நவம்பர் 30-ஐ இங்கே யாரும் மறக்கவில்லை. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன, தெருவெல்லாம் மரம். விழுந்த மரத்தை வெட்டும் முன் அந்த மின்பாதையில் மின்சாரம் நிறுத்தப்பட்டதை மின்வாரிய ஊழியரிடம் உறுதி செய்ய வேண்டும். அறுந்த கம்பி இலைக்குள் மறைந்திருக்கும். தெரு இருட்டாக இருப்பதால் மட்டும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று அர்த்தமாகாது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர்கூடக் கம்பிக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும்.

பேச்சிப்பாறையிலும் பெருஞ்சாணியிலும் தண்ணீரைத் திறப்பது நீர்வளத் துறையின் வேலை. திற, மூடு என்று ஊராட்சி சொல்ல முடியாது. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்வதால் அதற்குக் கீழே, குழித்துறை முதல் தேங்காய்ப்பட்டணம் வரை, இரண்டு அணையின் தண்ணீரும் ஒன்றாக வரும். அங்குள்ள உள்ளாட்சிகள் இரண்டு அணை நிலவரத்தையும் கேட்க வேண்டும். மேலே ஓர் அணை மட்டும் திறந்திருக்கிறது என்று நம்பி ஏமாந்துவிடக் கூடாது. குளத்துக் கரையை ராத்திரியில் வெட்டிவிடும் பழக்கத்தைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். நம் ஏலாவிலிருந்து (வயல்வெளி) வடியும் தண்ணீர் கீழ் ஏலாவை மூழ்கடிக்கும். உடைந்த கரையை அந்த மழைக்குள் கட்டவும் முடியாது. மறுகாலில் (குளம் நிறைந்தால் உபரி நீர் வெளியேறும் வழி) சேரும் ஆகாயத்தாமரையையும் பிளாஸ்டிக்கையும் முன்கூட்டியே வாரி எடுத்தால் வெட்டும் தேவையே பெரும்பாலும் வராது.

கடலோர ஊர்களுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை தனி. வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும்போதும் அலை ஏறும். 2024 மே 6-ஆம் தேதி லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்தது அப்படி ஒரு எச்சரிக்கை இருந்த நாளில்தான். எச்சரிக்கை வந்தால் கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் தேவாலயப் பங்குப் பேரவை மூலமும் சொல்ல வேண்டும். கரைக்கு வரும் வழியில் கயிறு கட்டி ஆளும் நிற்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் பலகையைப் படிப்பதில்லை.

முகாம் நடத்தும்போது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் அளவுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடம், நாளுக்கு 3 லிட்டர் குடிநீர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை. 60 சதுர மீட்டர் வகுப்பறையில் 17 பேர்தான் தங்கலாம். பதிவேட்டில் பெயர், வயது, குடும்ப அட்டை எண்ணுடன் கர்ப்பிணியா, தினமும் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதும் இருக்கட்டும்.

கிணற்று நீருக்கான கணக்கு: விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் (மீட்டரில்) × 785 = லிட்டர். இரண்டு மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் நீர் என்றால் 9,420 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் வீதம் சுமார் 24 கிராம். குழைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக்கூடாது. ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றில் முதல் தடவை அது நிற்காது. கலங்கல் முழுவதையும் தின்றுவிடும். மறுபடியும் போட்டுச் சோதியுங்கள். பல நாளாகத் திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் இருக்காது.

நிவாரணத் தொகைக்கு வி.ஏ.ஓ.வின் (கிராம நிர்வாக அலுவலர்) அறிக்கைதான் அடிப்படை. இடிந்த வீட்டைச் சரிசெய்யும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து, தேதியுடன் மனுவைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். பொய்க் கோரிக்கைக்குப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை உண்டு. அதை மனு எழுதித் தருபவர்கள் முதலிலேயே மக்களிடம் சொல்லிவிட வேண்டும்.