சிலிண்டர் தூக்கத் திரும்புகிறவர்களுக்கு

வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுவது என் வேலை. நிறை சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. அதில் கேஸ் மட்டும் 14.2. உடல் எடை குறைய இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். அது முடிந்த மூன்றாம் வாரமே உடம்பு லேசாகிவிட்டது போல இருந்தது. அதை நம்பி இறங்கிவிடாதீர்கள். வெளித் தையல் ஆறினாலும் வயிற்றுச் சுவர் ஆற நாளாகும். அவசரப்பட்டால் குடலிறக்கம் வரலாம். ஆறு வாரம் நான் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கவில்லை. டாக்டர் சரி என்ற பிறகும் முதலில் காலி சிலிண்டர்தான், அதுவும் தரைத்தள வீடுகளில் மட்டும். மாடி வீடுகளுக்கு என்னோடு வேலைக்கு வரும் தம்பி ஏறினான்.

பெரிய சிக்கல் தண்ணீர். முன்பு ஒரு சொம்பை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிப்பேன். இப்போது இரண்டு மடக்குக்கு மேல் போனால் நெஞ்சை அடைக்கும். அதனால் வண்டி ஹேண்டிலில் பாட்டில் தொங்கும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு மடக்கு. சாப்பிட்டு அரை மணி நேரம் அதுவும் கிடையாது. வெயிலில் தலை சுற்றினால் கௌரவம் பார்க்காமல் உட்கார்ந்துவிடுங்கள்.

சில வீடுகளில் அன்பாக ஜூஸ் நீட்டுவார்கள். சர்க்கரை சட்டென்று குடலில் இறங்கினால் படபடப்பும் வியர்வையும் வரலாம். மோர் கேளுங்கள், தப்பில்லை. டிபன் டப்பாவில் அவித்த முட்டையோ சுண்டலோ இருக்கட்டும். புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். முதுகு வலிக்கு நீங்களாக மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். சில மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கிவிடும்.