செலோடேப்பில் கிராபீன் உரிப்பது எப்படி: தோட்டத்து ஈரத்தையும் சமாளித்து

கிராபைட்டின் ஒரே ஒரு அணு தடிமனுள்ள ஒற்றை அடுக்குதான் கிராபீன். கிராபைட்டை டேப்பில் உரித்து மெல்லியதாக்கி, சிலிக்கான் தகட்டில் ஒட்டி எடுக்கலாம். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து டவுனில் இதை உரிக்க உட்கார்ந்தால், முதல் எதிரி காற்றின் ஈரம்தான். சிலிக்கான் தகட்டின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படிந்துவிடும். கிராபைட் அதன்மேல் உட்காருமே தவிர தகட்டைப் பிடிக்காது. டேப்பை இழுத்ததும் எல்லாம் டேப்போடு வந்துவிடும். பால்மரம் வெட்டப் போகும் விடியல் நேரம் இதற்கு ஆகாது. மத்தியானத்தில், மழை இறங்குவதற்குள் முடித்துவிடுங்கள்.

இயற்கைச் செதில் கிராபைட் வாங்குங்கள், ஒரு செதில் 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல். பென்சில் கரி வேண்டாம், அதில் களிமண் கலந்திருக்கும். தகட்டில் 300 அல்லது 90 நானோமீட்டர் ஆக்சைடு பூச்சு இருக்க வேண்டும். இணையக் கடையில் தடிமன் குறிப்பிடாத தகட்டை மலிவு என்று வாங்கினால், ஒற்றை அடுக்கு அதில் ஒட்டியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

தகட்டின் 1 சென்டிமீட்டர் துண்டை அசிட்டோனிலும், பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலிலும் அலசுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நன்றாகக் காய்ந்த தகட்டை 110 டிகிரி செல்சியஸ் சூட்டுத்தட்டில் 10 நிமிடம் வையுங்கள்.

அதற்குள் செதிலை டேப்பில் ஒட்டி, மடித்து, பிரியுங்கள். ஒவ்வொரு முறையும் டேப்பின் புது இடத்தில் ஒட்ட வேண்டும். ஐந்தாறு மடிப்பு போதும். அதிகம் மடித்தால் இன்னும் மெல்லியதாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் செதில்தான் நொறுங்கிப் பொடியாகும். பளபளப்பு மங்கிச் சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்துங்கள்.

சூடு ஆறுவதற்குள் டேப்பைத் தகட்டில் ஒட்டி விரலால் அழுத்துங்கள். ஒட்டியபடியே 100 டிகிரியில் 2 நிமிடம் வைத்தால் இடையில் சிக்கிய காற்றும் ஈரமும் வெளியேறும், பெரிய துண்டுகள் கிடைக்கும். ஆறிய பிறகு டேப்பைத் தாழ்வாக மடக்கி, மிக மெதுவாக இழுங்கள். பசை ஒட்டியிருந்தால் ஆறிய தகட்டை அசிட்டோனில் ஊறவிடலாம்.

தேடுவதில்தான் பொறுமை வேண்டும். பள்ளியின் உயிரியல் நுண்ணோக்கி உதவாது, கீழிருந்து வரும் ஒளி சிலிக்கானைத் தாண்டாது. மேலிருந்து ஒளி பாய்ச்சும் உலோகவியல் நுண்ணோக்கி வேண்டும். 300 நானோமீட்டர் தகடு ஊதாவாகத் தெரியும். தடித்த கிராபைட் மஞ்சளாக மின்னும். ஒற்றை அடுக்கோ அந்த ஊதாவிலேயே லேசான நிழல் மாதிரி கிடக்கும். பச்சை வடிகட்டி போட்டால் எடுப்பாகத் தெரியும். 2004-இல் மான்செஸ்டரில் இயற்பியலாளர்கள் கைமும் நோவோசெலோவும் உலகுக்குக் காட்டியது இந்த நிழலைத்தான். ஒற்றை அடுக்கா என்பதை, லேசர் ஒளி சிதறுவதை அளக்கும் ராமன் அளவீடு சொல்லும்: அதன் வரைபடத்தில் 2700 செ.மீ⁻¹-க்கு அருகில் வரும் சிகரம் ஒற்றையாக, 1580-இல் இருப்பதைவிட உயரமாக இருக்க வேண்டும்.

ரப்பர் பாலில் கலக்க நிறைய வேண்டுமென்றால் டேப் கட்டாது. அரை லிட்டர் தண்ணீர், 20 கிராம் கிராபைட் பொடி, 10 மில்லிலிட்டர் பாத்திரம் கழுவும் திரவம்: மிக்ஸியில் மொத்தம் அரை மணி நேரம், மோட்டார் சுடாதபடி விட்டுவிட்டு ஓட்டுங்கள். பொடியைக் கொட்டும்போது முகக்கவசம் போடுங்கள். அந்த ஜார் இனிச் சட்னிக்கு ஆகாது. ஓரிரவு அப்படியே விட்டு, மேலே நிற்கும் கருஞ்சாம்பல் நீரை மட்டும் வடியுங்கள். கிடைப்பது பெரும்பாலும் பல அடுக்குத் துணுக்குகள். சோப்பும் எளிதில் போகாது, மின்சுற்று வேலைக்கு இது லாயக்கில்லை.