ஃப்ளை காஸ்டிங் பயிற்சி: கோலுக்கேற்ற வீச்சு

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துச் செல்கிறது. ஃப்ளை காஸ்டிங்கில் நிலைமை வேறு: இறகும் நூலும் கொண்டு பூச்சிபோலக் கட்டிய போலி இரையான ஃப்ளைக்கு எடை மிகக் குறைவு என்பதால், தடித்த ஃப்ளை லைனே தன் எடையால் கோலை வளைக்கிறது, வளைந்த கோல் நிமிரும் விசையில் லைன் பறக்கிறது. ஆகவே, தோள் வலிமையைவிட, கோல் வளைந்து நிமிர எடுக்கும் நேரத்தை அறிந்து காத்திருப்பதே முக்கியம்.

தொடங்குபவருக்கு 9 அடி நீளமுள்ள 5-ஆம் எண் கோலும் அதே எண் லைனும் பொருத்தமானவை. இந்த எண் லைனின் எடையைக் குறிக்கும். 5-ஆம் எண் லைனின் முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம் இருக்கும். லைனின் நுனியில் 9 அடி லீடரையும் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பு), அதன் முனையில் ஃப்ளைக்குப் பதிலாகச் சிறு கம்பளி நூல் துண்டையும் கட்டுங்கள். பயிற்சிக்குப் புல்தரையே நல்லது. சிமெண்ட் தரை லைனின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம் அணியுங்கள்.

முதலில், சுமார் 25 அடி லைனைத் தொய்வின்றி நேராக முன்னால் விரித்து, கோலின் நுனியைத் தரையை ஒட்டித் தாழ்த்துங்கள். கட்டைவிரல் பிடியின் மேல் இருக்கட்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. பிறகு மெதுவாகத் தூக்கத் தொடங்கி, வேகத்தைச் சீராகக் கூட்டி, கடிகாரத்தின் 1 மணி நிலையில் (தலைக்கு நேர்மேலே 12 மணி என்று கொண்டால், சற்றே பின்னால்) சட்டென்று நிறுத்துங்கள். அடுத்து வருவதே மிகக் கடினமான பகுதி: ஒன்றும் செய்யாமல் இருப்பது. தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். வளையமாகச் சுருண்டு செல்லும் லைன் முழுவதும் விரிந்து நேராகும் கணத்தில் முன்வீச்சைத் தொடங்கி, 10 மணி நிலையில் அதேபோல் நிறுத்தி, லைன் இறங்க இறங்க நுனியைத் தாழ்த்துங்கள். சாட்டையடி போன்ற சத்தம் கேட்டால் முன்வீச்சை அவசரப்பட்டுத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள். வளையம் அகன்று விரிந்தால், மணிக்கட்டு மடங்கி, கோலின் நுனி நேர்கோட்டில் செல்லாமல் வில்போல் சுற்றியிருக்கும்.

இது கைவந்தபின் கோலை மாற்றுங்கள். லைனின் நீளத்தை மாற்றாதீர்கள். விறைப்பான கிராஃபைட் கோல் பெரும்பாலும் நுனிப்பகுதியில்தான் வளையும் என்பதால், அதற்குக் குறுகிய வீச்சும் அழுத்தமான நிறுத்தமும் வேண்டும். ஃபைபர் கிளாஸ் கோலும் மூங்கில் கோலும் பிடிவரை வளைவதால், வீச்சு நீள வேண்டும், வேகம் நிதானமாக ஏற வேண்டும். தொலைதூர வீச்சை விரும்பிப் பலர் விறைப்பான கோலையே முதலில் நாடுகிறார்கள். மென்மையான கோலில் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் அதில் வளைவை உள்ளங்கையிலேயே உணரலாம்.

ஜப்பானின் தென்காராக் கோலில் ரீல் கிடையாது. லைன் நுனியிலேயே கட்டப்பட்டிருக்கும். லைன் மிக இலகுவானது என்பதால், முன்கையின் சிறு அசைவே அதற்குப் போதும். இருகைக் கோலில் மேல்கை வழிகாட்ட, கீழ்க்கை பிடியின் அடியை உடலை நோக்கி இழுக்கிறது. அதற்குரிய ஸ்பே வீச்சுகளுக்கு (லைனைப் பின்னால் முழுதாக விரிக்காமல், நீரில் சற்றே படியவைத்து முன்னே வீசும் முறை), லைனைச் சற்றே பற்றிக்கொள்ளும் நீர்ப்பரப்பு தேவை. புல்தரை அந்தப் பிடிப்பைத் தராது. எனவே அவற்றை அமைதியான நீர்நிலையின் கரையில் பழகுங்கள்.